கவிதையில் கெட்ட வார்த்தை வரலாமா? அவசரம்

செங்கல்சூளை:
நாளை மதியத்துக்குள் ஒரு சிற்றிதழுக்குக் கவிதை அனுப்ப வேண்டும். அதில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. எடுத்தால் கவிதை படுத்துவிடுகிறது, வைத்தால் கை கூசுகிறது. என்ன செய்யலாம்?

மழைக்காகிதம்:
என்ன வார்த்தை? யார் யாரைச் சொல்வது? நோயைச் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி?

ஓலைச்சுவடி:
நன்னூலைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல் என்று தொல்காப்பியமும் சொல்கிறது. இடக்கரடக்கல் எதற்கு இருக்கிறது? 'கால் கழுவி வந்தான்', 'இயற்கை எய்தினார்' என்றெல்லாம் நாசூக்காகச் சொன்னவர்கள் நாம். இப்போது கவிஞர்கள் பெருகிவிட்டார்கள், இலக்கணம்தான் இளைத்துவிட்டது.

கடைசிபெஞ்ச்:
ஐயா, 'இயற்கை எய்தினார்' மங்கலம், அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது. இடக்கரடக்கல் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

நாலணா:
முதல் எழுத்தைப் போட்டு மூன்று புள்ளி வையுங்கள். நான் எப்போதும் அப்படித்தான்.

மழைக்காகிதம்:
புள்ளி வைத்தால் வாசகர் அது என்ன வார்த்தை என்று யோசிக்க உட்கார்ந்துவிடுவார். கவிதை அங்கேயே நின்றுவிடும்.

ஓலைச்சுவடி:
உதாரணம் கைதவறி வந்துவிட்டது, அதை விடுங்கள். 2002இல் குட்டி ரேவதியின் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தார்களே, அன்றைக்கு ஆரம்பித்தது இதெல்லாம்.

கடைசிபெஞ்ச்:
அது கெட்ட வார்த்தையா? 402ஆம் குறளில் 'முலையிரண்டும் இல்லாதாள்' என்று வள்ளுவரே எழுதுகிறார். குட்டி ரேவதி எழுதினால் மட்டும் ஏன் வலிக்கிறது?

தறிச்சத்தம்:
கல்லாதவன் பேச ஆசைப்படுவதற்கு அவளை உவமையாக்கி அந்தக் குறளே பெண்ணை மட்டம் தட்டுகிறது. நல்ல சாட்சியைப் பிடித்தீர்கள்.

நாலணா:
காளமேகம் பாடாத வசையா?

மழைக்காகிதம்:
சரி, கேட்டவர் எங்கே?

செங்கல்சூளை:
மன்னிக்கணும், பஸ்ஸில் இருந்தேன். அம்மா சித்தாள் வேலை பார்த்தார். சாந்துச் சட்டி வரத் தாமதம் என்று மேஸ்திரி அவர் பிறப்பை இழுத்துத் திட்டினார். அந்தச் சொல்தான். நான் மணல் குவியல்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

தறிச்சத்தம்:
சாதிப் பெயர் சேர்த்தா? அப்படியென்றால் கணக்கே வேறு.

செங்கல்சூளை:
இல்லை.

தறிச்சத்தம்:
அப்படியானால் மேஸ்திரி வாயில் முழுதாக இருக்கட்டும். நம் ஊரில் யாரைத் திட்டினாலும் வசவு போய் விழுவது அவன் அம்மாமேல். இங்கே திட்டு வாங்கியதே அம்மா. அந்தச் சொல் இரண்டாம் தடவை வந்தால் நீங்களும் மேஸ்திரியோடு சேர்ந்துகொண்ட மாதிரி ஆகிவிடும். அம்மா அப்புறம் என்ன செய்தார்?

செங்கல்சூளை:
சும்மாட்டை உதறித் திரும்பச் சுற்றினார். அடுத்த சட்டியைத் தூக்கினார்.

மழைக்காகிதம்:
இது கவிதையில் இருக்கிறதா?

செங்கல்சூளை:
இல்லை.

ஓலைச்சுவடி:
காளமேகம் சிலேடைப் புலவர். அதையும் இதையும் ஒன்றாக்க வேண்டாம்.

செங்கல்சூளை:
அனுப்பிவிட்டேன். சும்மாடு உள்ளே வந்துவிட்டது. வார்த்தை ஒரே இடத்தில்தான், மேஸ்திரி வாயில். தலைப்பில் இருந்ததை எடுத்துவிட்டேன். நன்றி.

மழைக்காகிதம்:
தலைப்பிலுமா இருந்தது?