ஸ்விஃப்ட் வளைவில் வெளியே தள்ளுகிறது, ஆட்டோகிராஸுக்கு முதலில் எதை மாற்றுவது?

கொங்கு_ஸ்விஃப்ட்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல், 1.2 லிட்டர், கம்பெனி சஸ்பென்ஷன், 185/65 ஆர்15 டயர். கோவைப் பக்கம் ஆட்டோகிராஸ் (கோன் வைத்துக் குறித்த பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) ஓட்டுகிறேன், சில கான்கிரீட் தரையில், சில மண்ணில். எங்கே ஓட்டினாலும் ஒரே தொல்லைதான். இறுக்கமான வளைவில் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி திரும்பாமல் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது, கோனை விட்டுப் பத்தடி விலகிய பிறகுதான் பிடிமானம் வருகிறது. இதே வண்டியை இதே வகுப்பில் ஓட்டுகிறவர்கள் என்னைவிட மூன்று, நான்கு விநாடி வேகம். கடையில் கேட்டால் லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்துவது), பின்பக்க ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி), அகலமான டயர் என்று பட்டியல் நீள்கிறது. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது, எதில் போட்டால் பலன் தெரியும்? ஸ்லாலம், அதாவது வரிசையாக வைத்த கோன்களுக்கு இடையே இடமும் வலமுமாக வளைந்து போவது பற்றியும் யாராவது சொல்லுங்கள். முதல் இரண்டு கோன் நன்றாகப் போகிறது, நான்காவது வருவதற்குள் வண்டி கைமீறிப் போகிறது.

செட்டிபாளையத்தான்:
தம்பி, இதே வண்டியில் இன்னொருவர் நான்கு விநாடி குறைவாக ஓட்டுகிறார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அந்த நான்கு விநாடி ஸ்பிரிங்கில் இல்லை. பணத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள்.

டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். பிரேக், திரும்புவது, இழுப்பது மூன்றும் அதே கணக்கிலிருந்துதான் செலவாகின்றன. உங்களுடையது முன்சக்கர டிரைவ், எடையில் பெரும்பகுதி முன்னால் உட்கார்ந்திருக்கிறது, ஆக மூன்று வேலையும் முன் டயர் இரண்டின் தலையில்தான் விழுகிறது. வேகமாக உள்ளே வந்து, பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடியே ஸ்டியரிங்கையும் ஒடித்தால் அது வெளியேதான் தள்ளும், எந்தக் கம்பெனி வண்டியானாலும். தள்ள ஆரம்பித்த பிறகு இன்னும் ஒடிப்பது நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் டயர் தன் உச்சக் கோணத்தைத் தாண்டி வெறுமனே தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி விடுங்கள், பிடித்துக்கொள்ளும். கை கேட்காது, மனசும் கேட்காது, ஆனாலும் விடுங்கள்.

இப்போது பிரேக் பிடிக்கும் இடத்திலிருந்து ஒரு கார் நீளம் முன்பாகவே, வண்டி நேராக இருக்கும்போதே பலமாக மிதியுங்கள். திருப்ப ஆரம்பிக்கும்போது பிரேக்கைச் சட்டென்று விடாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். முன் டயர்மேல் எடை அப்படியே நிற்கும், முன்பக்கம் உள்ளே வரும், பின்பக்கம் லேசாகச் சுற்றிக் கொடுக்கும். வண்டி அடுத்த கோனைப் பார்த்து நின்ற பிறகுதான் ஆக்சிலரேட்டர். அதுவரை காத்திருப்பதுதான் இந்த ஆட்டத்திலேயே கஷ்டமான வேலை, வேகம் குறைந்துவிட்டது போலத் தோன்றும், ஆனால் கடிகாரம் வேறு சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வளைவிலிருந்து வெளியே வந்த பிறகு 80 மீட்டர் நேர்ப்பாதை இருக்கிறது, அதைச் சராசரி 54 கி.மீ. வேகத்துக்குப் பதில் 57-ல் கடந்தால் கால் விநாடிக்கு மேல் லாபம், அதுவும் ஒரே வளைவில்.

இன்னொன்று, பார்வை. பக்கத்துக் கோனை முறைத்துப் பார்த்தால் அதை நோக்கித்தான் போவீர்கள். 50 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடுகிறது, ஆகவே கண் எப்போதும் அடுத்த வளைவின் வெளிவாசலில் இருக்க வேண்டும். ரேஸ் டிராக்கில் ஒரே வளைவைச் சுற்றுக்குச் சுற்று பார்த்துப் பழகலாம். நம் கோவை ரேஸ் டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 2.1 கி.மீ. பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறோம். ஆட்டோகிராஸில் கிடைப்பதோ விரல்விட்டு எண்ணும் ரன்கள். அதனால் நடந்து பார்க்க விடும்போது செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்காமல் பாதையைத் தனியாக நடங்கள், வளைவுகளில் ஓட்டுநரின் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நிற்கும்போது தெளிவாகத் தெரிகிற பாதை சீட்டில் உட்கார்ந்தால் வெறும் கோன் கூட்டமாகத் தெரியும்.

பவர் போதவில்லையே என்ற எண்ணம் வேண்டாம். ரேஸ் ஓட்டுநரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதன் நம் ஊரில் மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார், ஒரு தலைமுறையே அதில் ஓட்டக் கற்றது. சின்ன இன்ஜின் இருந்தால்தான் வளைவில் வேகத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வோம்.

டயர்_சாக்பீஸ்:
மேலே அண்ணன் சொன்னதுதான் முதல். ஆனால் காசே செலவில்லாமல் செய்யக்கூடிய செட்டப் ஒன்று இருக்கிறது, காற்று. கான்கிரீட்டில் சாதாரண சாலை டயர் ஓட்டினால் வளைவில் பக்கச்சுவர் மடிந்து ஓரத்தில் ஓடும். டயரின் ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும், அந்த இடத்தில் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டு ஒரு ரன் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். முக்கோணத்தையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் காற்று குறைவு, டிரெட் ஓரத்திலேயே கோடு மிச்சம் இருந்தால் அதிகம். குளிர்ந்த நிலையில் முன்னால் 36 பி.எஸ்.ஐ., பின்னால் 40 என்று தொடங்குங்கள். பின்னால் ஏற்ற ஏற்ற அங்கே பிடிமானம் கொஞ்சம் குறையும், வண்டி சுலபமாகத் திரும்பும். ஆன்டி-ரோல் பார் செய்கிற வேலையில் ஒரு பங்கை இதிலேயே பார்த்துவிடலாம். பக்கச்சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஓட ஓடச் சூட்டில் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. ஏறும், ஒவ்வொரு ரன்னுக்கு அப்புறமும் அளந்து எழுதி வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்கிவிடுங்கள், மழை ஈரத்தில் பின்பக்கம் 40-ல் இருந்தால் ஆபத்து.

பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால் காற்றழுத்தம் அளக்க நல்ல கேஜ் ஒன்று, டாட் 4 பிரேக் ஆயில் மாற்றம், அப்புறம் அலைன்மென்ட். வகுப்பு விதி அனுமதித்தால் மட்டும் முன்பக்கம் கேம்பர் போல்ட் போட்டு, சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்கிற மாதிரி மைனஸ் ஒன்றரை டிகிரி வரை கொண்டு வரலாம். லோயரிங் ஸ்பிரிங் வேண்டாம். கம்பெனி ஷாக் அப்சார்பருடன் அதைப் போட்டால் சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும் தூரம் குறைந்து, கடைசியில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும், முட்டிய நொடியில் முன்பக்கம் இன்னும் தள்ளும்.

செம்மண்:
எல்லாம் கான்கிரீட்டுக்குச் சரி, மண்ணில் இது அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து. மண்ணில் 40 பி.எஸ்.ஐ. வைத்தால் டயர் மேலே மிதக்கும். நான் 28-30 வைக்கிறேன், அதற்குக் கீழே போனால் பக்கவாட்டில் சறுக்கும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்று வர வாய்ப்பு உண்டு. பிரேக்கைத் தளர்த்துவது மட்டும் போதாது, பெரிய வளைவுகளில் ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டு எடையை முன்னால் தள்ளிப் பின்பக்கத்தைக் கிளப்ப வேண்டும், கிளம்பியதும் பயந்து காலை எடுக்காமல் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முன்சக்கரம் வண்டியை நேராக்கி இழுத்துவிடும். ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு) வந்தால் ஹேண்ட்பிரேக்: கிளட்சை மிதித்து, பட்டனை அழுத்தியபடியே சட்டென்று இழுத்து விட வேண்டும், பட்டனை விட்டால் பூட்டிக்கொள்ளும். எத்தனையாவது ஆளாக ஓடுகிறீர்கள் என்பதும் முக்கியம். முதலில் ஓடுகிறவர் தளர்ந்த மண்ணைப் பெருக்கிக் கொடுப்பார், பின்னால் வருபவருக்குக் கெட்டித் தரை கிடைக்கும், ஆனால் பள்ளமும் விழுந்திருக்கும். வரிசையில் நிற்கும்போது முன்னால் போகிறவரின் டயர் எங்கே தூசி கிளப்புகிறது, எங்கே கிளப்பவில்லை என்று பாருங்கள்.

கொங்கு_ஸ்விஃப்ட்:
மிக்க நன்றி அண்ணா, எல்லோருக்கும். ஸ்பிரிங்கை விட்டுவிடுகிறேன். ஸ்லாலம் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம்?

செட்டிபாளையத்தான்:
நான்காவது கோனில் வரும் சிக்கல் முதல் கோனிலேயே தொடங்கிவிடுகிறது. பெரும்பாலோர் கோன் பக்கத்தில் வந்த பிறகு திருப்புகிறார்கள், அப்போது வண்டி கோனைத் தாண்டிய பிறகுதான் அதிகமாக விலகுகிறது, அடுத்த கோனுக்கு ஒரு அடி தாமதம், அதற்கடுத்ததற்கு மூன்றடி. கோன் பக்கத்தில் வரும்போது வண்டி ஏற்கெனவே எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது கோனுக்கு முன்னாலேயே அகலத்தை எடுத்துக்கொண்டு, கோனைத் தாண்டியதும் அதன் முதுகை ஒட்டி வர வேண்டும். முதல் கோனுக்கு உங்களுக்குத் தோன்றுவதைவிடச் சற்று மெதுவாக வாருங்கள், பிறகு ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, கடைசி இரண்டு கோனில் ஏற்றுங்கள். நடுவில் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் வீசும், அதைத்தான் கைமீறிப் போகிறது என்கிறீர்கள். இரண்டாவது கியரிலேயே இருங்கள், இந்த வண்டியில் அது 80-ஐத் தாண்டும், கியர் மாற்றும் தேவையே வராது. கோனைத் தட்டினால் எத்தனை விநாடி அபராதம் என்று விதித்தாளில் முன்பே பாருங்கள். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. (அங்குள்ள ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) போட்டிகளில் ஒன்றுக்கு 2 விநாடி, இங்கே போட்டிக்குப் போட்டி மாறும். அதைப் பொறுத்துத்தான் கோனை எவ்வளவு ஒட்டிப் போகலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

டயர்_சாக்பீஸ்:
ஒன்று விட்டுப் போயிற்று. சீட்டை முன்னால் நகர்த்துங்கள், முதுகு சாய்ந்திருக்கும்போது மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், காலடியில் போட்டிருக்கும் மேட்டையும்தான், பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும். ஒவ்வொரு ரன்னுக்கு முன்பும் வீல் நட்டை ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிட்டே வரிசைக்குப் போங்கள். அடுத்த போட்டியில் காற்றை மட்டும் மாற்றி ஓட்டுங்கள், வேறு எதையும் சேர்த்து மாற்ற வேண்டாம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஓட்டிவிட்டு நான்கு டயரின் சாக்பீஸ் கோட்டையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.