பொருள்: மறு: டர்போபிராப் = தாரையுந்தி? சுழலியுந்தி?

அனைவருக்கும் வணக்கம். சுழலி (டர்பைன்) சுற்றும் விசையால் ப்ரொப்பெல்லரை, அதாவது உந்தியை, ஓட்டும் விமானப் பொறியான டர்போபிராப்புக்குத் தமிழ்ச் சொல் தேடும் உரையாடலில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில்.

> ஜெட்டுக்குத் தாரை என்று ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டோம். டர்போபிராப்புக்குத் தாரையுந்தி என்பதே பொருத்தம்.

எனக்கு உடன்பாடில்லை, சுழலியுந்தி என்பதே சரி. இந்தப் பொறியில் தாரைக்கு வேலை குறைவு. ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் என்ற டர்போபிராப் பொறியையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுழலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 15,000 சுற்று சுற்றும். ப்ரொப்பெல்லரையும் அதே வேகத்தில் சுற்றவிட்டால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். சத்தம்தான் மிஞ்சும், இழுவை கிடைக்காது. அதனால் நடுவில் பற்சக்கரங்களை வைத்து 1,400 சுற்று அளவுக்குக் குறைக்கிறார்கள். பின்னால் பீய்ச்சும் சூடான புகையும் கொஞ்சம் தள்ளும்தான், ஆனால் அது கொசுறு.

இந்த டார்ட் நான்கைப் பூட்டிய விக்கர்ஸ் வைகவுண்ட் என்ற பயணிகள் விமானம் 1948 ஜூலையில் முதன்முதலாகப் பறந்தது. 1950 ஜூலை 29 அன்று லண்டன் நார்த்தோல்ட்டிலிருந்து பாரிசுக்கு, கட்டணம் செலுத்திய 14 பேரும் சில விருந்தினர்களும் ஏறிப் போனதுதான் இவ்வகை விமானத்தின் முதல் பயணிகள் சேவை. (முதலில் இதற்கு வைத்திருந்த பெயர் வைஸ்ராய். 1947இல் இந்தியா விடுதலை பெற்றதும் அந்தப் பதவியே இல்லாமல் போனது, விமானத்தின் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.) இரண்டாவது மாதிரி விமானத்தில் டார்ட்டுகளுக்குப் பதிலாக "டே" என்ற தாரைப் பொறிகள் இரண்டைப் பூட்டி, சோதனைகளுக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரே உடல், வேறு வேறு பொறி. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுத வேண்டியவருக்குத் தாரையுந்தி என்ற சொல் என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இவற்றை விளம்பரங்களில் "பிராப்-ஜெட்" என்று போட்டார்கள். ஜெட் என்றால் டிக்கெட் விற்கும். அகராதிக்கு என்ன வந்தது?

> விசிறிச்சுழலி எளிமையாக இருக்குமே? ஏடிஆர் என்ற சிறிய டர்போபிராப் விமானத்தை "ஃபேன் வெச்ச பிளேன்" என்றுதானே சொல்கிறோம்.

பேச்சுக்குச் சரி. ஆனால் இன்றைய ஏர்பஸ், போயிங் பயணிகள் விமானங்களில் எல்லாம் டர்போஃபேன், அதாவது முன்னால் பெரிய விசிறி வைத்த தாரைப் பொறி. விசிறியை அதற்கு விட்டுவைக்க வேண்டும். எனவே ஒரு குடும்பமாகவே வைக்கலாம்: டர்போஜெட் சுழலித்தாரை, டர்போஃபேன் சுழலிவிசிறி, ஹெலிகாப்டரில் வரும் டர்போஷாஃப்ட் சுழலித்தண்டு, நம்முடையது சுழலியுந்தி.

உந்தி என்றால் கொப்பூழ் ஆயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். விமானப் பொறி பற்றிய பத்தியில் யாருக்கும் அந்த ஐயம் வராது. எனக்கு இருக்கும் தயக்கம் வேறு: பிஸ்டனை உந்துதண்டு என்றும் எழுதுகிறார்கள். வைகவுண்ட் சந்தையை விட்டு விரட்டியதே பிஸ்டன் விமானங்களைத்தான். மேசையில் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தினாலும் விழாத அளவுக்கு அதிர்வு குறைவு என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. ஆகவே இந்த வரலாற்றை எழுதும்போது இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வரும். பிஸ்டனுக்கு ஆடுதண்டு என்ற சொல்லும் புழக்கத்தில் இருப்பதால் அதையே பிடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது. லாக்ஹீட் எலெக்ட்ரா என்ற அமெரிக்க டர்போபிராப் விமானங்கள் இரண்டு, 1959 செப்டம்பரில் டெக்சாசிலும் 1960 மார்ச்சில் இந்தியானாவிலும், பறக்கும்போதே இறக்கை பிய்ந்து விழுந்தன. பொறியைத் தாங்கும் சட்டம் தளர்ந்திருந்தால், வேகமாகச் சுற்றும் ப்ரொப்பெல்லர் வட்டமாகத் தள்ளாடத் தொடங்கும். அந்தத் தள்ளாட்டத்தின் கதியும் இறக்கை இயல்பாக அசையும் கதியும் ஒத்துப்போனால் சில நொடிகளில் இறக்கை முறிந்துவிடும். இதை ஆங்கிலத்தில் வேர்ல் மோட் (whirl mode) என்கிறார்கள். ஓயப்போகும் பம்பரம் தலையாட்டுவதைப் போன்ற அசைவு இது என்பதால் "தலையாட்டம்" என்றே வைக்கலாம் என்று நினைக்கிறேன். "சுழல் அதிர்வு" என்று முன்பு யாரோ எழுதியிருந்தார்கள், ஆனால் பொறியில் வரும் எல்லா நடுக்கத்துக்கும் அது பொருந்திவிடும்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள். பொறியியல் படித்தவர்கள் தலையாட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.