வால்ட்டுக்கு சரியான தமிழ் வார்த்தை சொல்லுங்க ப்ளீஸ்

வணக்கம் நண்பர்களே, ஒரு கட்டுரை மொழிபெயர்த்துட்டு இருக்கேன், அதுல வால்ட்னு (vault) ஒரே ஆங்கில வார்த்தை திரும்பத் திரும்ப வருது, ஆனா ஒவ்வொரு இடத்துலயும் வேற அர்த்தம். நார்வேல ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துல 2008-ல திறந்தாங்களே, மலையைக் குடைஞ்சு மைனஸ் 18 டிகிரில உலகத்து விதையெல்லாம் பாதுகாக்குற இடம், அதுக்கு விதைப் பெட்டகம்னு போட்டுட்டேன். பெட்டகம்னா பெட்டி மாதிரி தோணுதே, மலைக்குள்ள இருக்குற அறைன்னு புரியுமா?

அடுத்தது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில். 2011-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவுல திறந்த அறைகளை நம்ம பத்திரிகைகள்ல பாதாள அறை, நிலவறைன்னு ரெண்டு விதமாவும் எழுதுனாங்க. மலையாளத்துல கல்லறைன்னும் சொல்றாங்க, இந்த இடத்துல அது கல்லால கட்டுன அறைதான், நாம அப்படியே எழுதினா படிக்கிறவங்க சமாதின்னு நினைச்சிடுவாங்க. எனக்கு நிலவறைதான் பிடிச்சிருக்கு, பாதாளம்னா கொஞ்சம் மாயாஜாலக் கதை வாசனை அடிக்குது.

சர்ச்சுக்கு அடியில குடும்பத்தோட புதைக்கிற இடத்துக்கும் இதே வால்ட்தான், அங்க நிலவறைக் கல்லறைன்னு போடலாமா? வளைஞ்ச கூரைக்கும் அதே பேரு, அதுக்கு வில்வளைவுக் கூரைன்னு எழுதியிருக்கேன், கட்டடத் துறைல இருக்கவங்க யாராவது சரியான்னு பாத்து சொல்லுங்க. போல் வால்ட்டுக்கு கோலூன்றித் தாண்டுதல்னு இருக்கு, அதுல பிரச்சனை இல்ல.

செல்லாருக்கும் (cellar) நிலவறைதானா, இல்ல உங்க ஊர்ல தானியம் வைக்கிற நிலத்தடி அறைக்கு வேற பேரு இருக்கா? இருந்தா ஊர் பேரோட சொல்லுங்க, ரொம்ப உதவியா இருக்கும்.