எல்லாம் அடங்கிய ஒரே தொகுப்புக்கு மாறலாமா, தனித்தனி மென்பொருள்களே போதுமா? (37 சந்தாதாரர்களுக்குத் தவறான நினைவூட்டல் போய்விட்டது)

காலாண்டிதழ்க்காரர்

வணக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் நடத்துகிறோம். சந்தாதாரர் முகவரிகள் ஒரு விரிதாளில் இருக்கின்றன. ரசீது போட ஒரு கணக்கு மென்பொருள், மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப ஒரு சேவை, யார் எந்த வேலையைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள ஒரு பணிப்பட்டியல் செயலி, பக்க வடிவமைப்புக்குத் தனி மென்பொருள். ஆக ஐந்து. ஆறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

போன மாதம், சந்தாவைப் புதுப்பித்துப் பணமும் கட்டிவிட்ட 37 பேருக்கு "உங்கள் சந்தா முடிந்துவிட்டது" என்று நினைவூட்டல் போய்விட்டது. அவர்களில் ஒருவர் முதல் இதழிலிருந்து வாங்குகிறவர். "நான் கட்டிய பணம் உங்களுக்கு வந்து சேரவில்லையா?" என்று பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டார். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

எங்கள் குழுவில் ஒருவர், இந்த ஐந்தையும் தூக்கிப்போட்டுவிட்டு எல்லாம் அடங்கிய ஒரு தொகுப்புக்கு மாறிவிடலாம் என்கிறார். சோதனைக் கணக்கு ஒன்று எடுத்துப் பார்த்தோம். முகவரி, ரசீது, மின்னஞ்சல், பணிகள் எல்லாம் ஒரே திரையில் வருகின்றன. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள வடிவமைப்புப் பகுதியில் "கொ" என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. தமிழ் இதழ் நடத்துகிறவர்கள் இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

மாறுவதா, வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தரவுப்பணி

முடிவெடுப்பது அப்புறம் இருக்கட்டும். அந்த 37 பேருக்கு ஏன் போனது என்று தெரிந்ததா? அது தெரியாமல் மென்பொருளை மாற்றினால், அதே தவறு புது வீட்டுக்கும் கூடவே வரும். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த 37 பேரின் சந்தா எண்கள் என்னென்ன? கணக்கு மென்பொருளிலிருந்து மின்னஞ்சல் சேவைக்குப் பட்டியல் எந்த வழியாகப் போகிறது, நடுவில் யாராவது கோப்பைத் திறக்கிறார்களா?

காலாண்டிதழ்க்காரர்

பார்த்தேன். எங்கள் சந்தா எண்கள் நான்கு இலக்கம். 0001-இல் தொடங்கி இப்போது 1600-ஐத் தாண்டியிருக்கிறோம். அந்த 37 எண்ணும் பூஜ்யத்தில்தான் தொடங்குகின்றன! அதாவது எல்லாரும் எங்களுடைய முதல் ஆயிரம் பேருக்குள் வருகிறவர்கள்.

கணக்கு மென்பொருளிலிருந்து சிஎஸ்வி கோப்பாக எடுத்து, விரிதாளில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, மின்னஞ்சல் சேவையில் ஏற்றுவோம். போன மாதம் அந்த வேலையைப் புதிதாக ஒருவர் செய்தார். கோப்பின்மேல் இருமுறை சொடுக்கித் திறந்தாராம். வேறு எதையும் மாற்றவில்லை, சேமித்தது மட்டும்தான் என்கிறார்.

தரவுப்பணி

அதுதான். அவர்மேல் தப்பே இல்லை. சிஎஸ்வி என்பது வெறும் உரைக் கோப்பு. எது எண், எது பெயர், எது தேதி என்ற தகவல் அதற்குள் கிடையாது. நேராகத் திறந்தால் விரிதாள் தானாகவே ஊகித்துக்கொள்ளும். 0412 என்பதை எண் என்று நினைத்து 412 ஆக்கிவிடும். நீங்கள் சேமித்த நொடியில் பூஜ்யம் போயே போய்விட்டது. மின்னஞ்சல் சேவையில் அவர் இன்னும் 0412-தான். "பணம் கட்டியவர்" பட்டியலில் 0412 இல்லை, 412-தான் இருக்கிறது. எண் பொருந்தவில்லை, அதனால் நினைவூட்டல் போயிருக்கிறது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடுவது ஆராய்ச்சியாளர்களுக்குப் பல வருடத் தலைவலி. கடைசியில், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020-இல் பெயரிடும் நெறிமுறையையே திருத்தியது. 'மார்ச்1' என்று இருந்ததை 'மார்ச்எஃப்1' ஆக்கினார்கள். மென்பொருளை மாற்ற முடியாமல் மரபணுவின் பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்றால், இந்த ஊகம் எவ்வளவு பிடிவாதமானது என்று பாருங்கள்.

உடனடியாகச் செய்ய வேண்டியது: இனி கோப்பைச் சொடுக்கித் திறக்காதீர்கள். விரிதாளுக்குள் போய் "இறக்குமதி" வழியாகக் கொண்டுவந்து, சந்தா எண் நெடுவரிசையை "உரை" என்று குறியுங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க், சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போதே இதைக் கேட்கும். எக்செலில் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைக்கும் வசதி 2023-இல் வந்தது. குறியாக்கம் என்று கேட்கும் இடத்தில் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாகச் சிதறிவிடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். "ச-0412" என்று இருந்தால் எந்த விரிதாளும் அதை எண்ணாக நினைக்காது. யார் எப்படித் திறந்தாலும் பூஜ்யம் பத்திரமாக இருக்கும்.

தொகுப்பே சுகம்

மேலே சொன்னது சரியான மருத்துவம்தான். ஆனாலும் நான் தொகுப்பின் பக்கம். உங்கள் கதையில் கோப்பு மூன்று இடம் தாண்டுகிறது. ஒவ்வொரு தாண்டலிலும் ஒரு மனிதர் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. கவனம் என்றைக்காவது ஒருநாள் தவறத்தான் செய்யும். நாங்கள் தொகுப்புக்கு மாறியபின் முகவரியை ஒருமுறை திருத்தினால் போதும், ரசீதிலும் உறை ஒட்டுச்சீட்டிலும் அதுவே வரும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஒரு கணக்கை மூடினால் முடிந்தது. முன்பு அவர் கடவுச்சொல் எந்தெந்தச் செயலியில் கிடக்கிறது என்று தேடவே ஒருநாள் போகும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தொகுப்பில் ஒவ்வொரு பகுதியும் சுமாராகத்தான் இருக்கும். எங்கள் பணிப்பட்டியல் பகுதி பழைய செயலியின் பக்கத்தில்கூட வராது. பழகிக்கொண்டோம்.

பக்கங்கட்டுபவர்

பணிப்பட்டியலில் பழகிக்கொள்ளலாம், எழுத்தில் பழகிக்கொள்ள முடியாது. தயவுசெய்து வடிவமைப்பு மென்பொருளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"கொ" ஏன் உடைகிறது என்றால், கோப்பில் முதலில் "க", அப்புறம் ஒகரக் குறி என்றுதான் வரிசை இருக்கும். திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னால், காலைப் பின்னால் வைக்க வேண்டும். அதைச் செய்வதற்கென்றே ஓர் எழுத்துருவாக்கப் பொறி மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். ஹார்ஃப்பஸ் என்பது அப்படி ஒன்று, லிப்ரே ஆபிஸ் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஸ்கிரைபஸில் 1.5.3 பதிப்பில்தான் இந்த ஆதரவு வந்தது. அதற்கு முன் அதில் தமிழ் பக்கம் கட்டியவர்களைக் கேட்டுப்பாருங்கள், கண்ணீர் விடுவார்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் "வேர்ல்டு-ரெடி கம்போசர்" என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஒழுங்காக வரும். பக்கம் கட்டுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட மென்பொருள்களுக்கே இவ்வளவு பாடு. ரசீது போடும் தொகுப்பின் ஓரத்தில் ஒட்டிவைத்த வடிவமைப்புப் பகுதி இதைச் சரிசெய்யும் என்று காத்திருக்காதீர்கள்.

வடிவமைப்பு மென்பொருளுக்குச் சந்தாதாரர் பட்டியலும் தேவையில்லை. கட்டுரை உள்ளே போகிறது, பிடிஎஃப் வெளியே வருகிறது. மற்ற நான்கோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதைத் தனியாக வைப்பதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் வராது.

பழைய நிரலாளர்

பக்கங்கட்டுபவர் சொன்ன கடைசி வரிதான் அளவுகோல் என்று நினைக்கிறேன். எந்த இரண்டு மென்பொருள்களுக்கு நடுவில் தினமும் தகவல் போய்வருகிறதோ, அவை ஒன்றாக இருப்பது நல்லது. போக்குவரத்தே இல்லாதவை எங்கே இருந்தால் என்ன?

தனித்தனிக் கருவிகள் என்ற கொள்கைக்கு யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தைச் சான்றாகச் சொல்வார்கள். அதை உருவாக்கிய குழுவில் இருந்த டக் மெக்கில்ராய் 1978-இல் எழுதியதில், ஒவ்வொரு நிரலும் ஒரு வேலையை நன்றாகச் செய்யட்டும் என்ற பகுதியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த வரியை விட்டுவிடுகிறார்கள்: ஒரு நிரலின் வெளியீடு, இன்னும் பெயர்கூடத் தெரியாத வேறொரு நிரலுக்கு உள்ளீடாகப் போகும் என்று எதிர்பார்த்து எழுதுங்கள் என்கிறார். நடுவில் அந்த உடன்பாடு இருந்ததால்தான் சின்னச் சின்னக் கருவிகள் அங்கே சேர்ந்து வேலை செய்தன. உங்கள் ஐந்துக்கும் நடுவில் அந்த உடன்பாடு இல்லை. அந்த இடத்தில்தான் பூஜ்யம் விழுந்திருக்கிறது.

அதேபோல, தொகுப்பு என்று விற்பதெல்லாம் உள்ளே ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 1984-இல் வந்த ஆப்பிள்வொர்க்ஸ் உண்மையிலேயே ஒரே நிரல். எழுதுவது, விரிதாள், தரவுத்தளம் மூன்றும் அதற்குள். 1989-இல் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் முதலில் வந்தபோது, ஏற்கெனவே தனியாக விற்ற மென்பொருள்களை ஒரே பெட்டியில் வைத்துக் கொடுத்தது. இரண்டுக்கும் பெயர் தொகுப்புதான். இன்றும் பல நிறுவனங்கள் வேறு வேறு செயலிகளை விலைக்கு வாங்கி, ஒரே நிறத்தைப் பூசி விற்கின்றன.

சோதனைக் கணக்கு இன்னும் இருந்தால் இரண்டு காரியம் செய்து பாருங்கள். முகவரிப் பகுதியில் உங்கள் சொந்த முகவரியை மாற்றிவிட்டு, உடனே ஒரு ரசீது போடுங்கள். புது முகவரி வருகிறதா? அப்புறம், எல்லாத் தகவலையும் வெளியே எடுங்கள். பெயரும் முகவரியும் எல்லாரும் கொடுப்பார்கள். யார் எப்போது எவ்வளவு கட்டினார்கள் என்ற வரலாறு, விரிதாளில் திறக்கிற மாதிரி வருகிறதா என்று பாருங்கள். உள்ளே போகும் முன்பே வெளியே வரும் கதவைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

காலாண்டிதழ்க்காரர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று நால்வரும் உட்கார்ந்து செய்து பார்த்தோம்.

முகவரியை மாற்றிவிட்டு ரசீது போட்டேன். பழைய முகவரிதான் வந்தது. மறுபடி மறுபடி பார்த்தோம், இன்று காலையில்தான் புதியது வந்திருக்கிறது. உள்ளே இரண்டு பட்டியல் இருந்து, இரவில் ஒன்றிலிருந்து மற்றதற்கு நகல் எடுக்கிறது போல. கட்டண வரலாறு ஒவ்வொரு ரசீதும் ஒரு பிடிஎஃப் என்ற கணக்கில் வந்து விழுந்தது. மாறலாம் என்று சொன்ன நண்பரே, "வேண்டாம்பா, இது வேலைக்கு ஆகாது" என்றார்.

அதனால் இந்தத் தொகுப்புக்குப் போகவில்லை. முகவரியும் ரசீதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. எங்கள் கணக்கு மென்பொருளிலேயே வாடிக்கையாளர் முகவரி வைக்க இடம் இருக்கிறது, ஆறு வருடமாக அதைத் திறந்தே பார்க்கவில்லை. விரிதாளை விட்டுவிட்டு முகவரிகளை அங்கே கொண்டுபோகிறோம். மின்னஞ்சல் சேவை அதோடு நேராக இணையும் என்று இப்போதுதான் தெரிந்தது, எனவே நடுவில் கோப்பே வேண்டாம். வடிவமைப்பும் பணிப்பட்டியலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எல்லா எண்களுக்கும் முன்னால் "ச-" சேர்த்தாகிவிட்டது. 37 பேருக்கும் என்ன நடந்தது என்று விளக்கி ஆளுக்கொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இதுவரை 22 முடிந்தது. முதல் இதழ்க்காரருடைய எண் 0003. அவருக்குத்தான் முதல் கடிதம்.

தரவுப்பணி

நல்லது. இணைப்பைப் போட்டதும் முதல்முறை எல்லாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். உங்கள் நால்வரின் முகவரியை மட்டும் வைத்து ஒரு சுற்று அனுப்பிப் பாருங்கள்; அதில் ஒருவருக்காவது "ச-" என்பதை அடுத்துப் பூஜ்யம் வரும் எண் இருக்கட்டும்.