ஈரல் கிழிந்து வந்தால்: பொதி வைப்பதும் எடுப்பதும்

மோட்டார் சைக்கிள் ஹாண்டில் குத்தியவர், த்ரீவீல் புரண்டு அடியில் அகப்பட்டவர் எல்லாம் வருகிற கொழும்பில், அறுவையா, காத்திருப்பா என்ற முடிவை ஸ்கேன் காட்டும் ஈரல் காயத்தின் கடுமைத் தரத்தை வைத்து எடுக்காதீர்கள், ஆளை வைத்து எடுங்கள். கடுமையான நான்காம் தரமானாலும் பிரஷர் நிலையாக, வயிறு மென்மையாக இருந்தால் எச்.டி.யு.வில் (நெருங்கிக் கண்காணிக்கும் வார்டில்) வைத்துப் பார்க்கலாம்; தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கவேண்டும். ரத்தம் ஏற்றியும் பிரஷர் ஏறாதவரை சி.ரி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போகவே வேண்டாம். அவருக்குப் படுக்கையருகே எடுக்கும் அல்ட்ராசவுண்டான ஃபாஸ்ட் ஸ்கேனில் ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்புக் கோடு (தேங்கிய ரத்தம்) தெரிகிறதா, நேரே தியேட்டர்.

வயிற்றைத் திறந்ததும் இரண்டு கையாலும் ஈரலைச் சேர்த்துப் பிடியுங்கள், பிளந்த பப்பாளியை மூடிப் பிடிப்பதுபோல. மயக்க மருந்துக் குழு ரத்தம் ஏற்றி ஈடுகட்டும்வரை கையை எடுக்காதீர்கள். பொதியை, அதாவது ரத்தத்தை அழுத்தி நிறுத்த வைக்கும் துணி மடிப்பை, கிழிவுக்குள் திணித்தால் பிளவு இன்னும் விரியும். மேலும் கீழும் வைத்து, இரு பக்கமும் நெருக்கி மூடவேண்டும். வைத்தவுடன் பிரஷர் விழுந்தால் இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பும் கீழ்ப் பெருநாளம் நசுங்குகிறது, ஒரு பொதியை உருவிப் பாருங்கள்.

ரத்தம் நிற்கவில்லையா, அறுவை மருத்துவர் பிரிங்கிள் 1908இல் எழுதிய பிடி இருக்கிறது: அந்த நாளக்கட்டுக்குப் பின்னாலுள்ள வின்ஸ்லோ துளையில் சுட்டுவிரலை விட்டு, ஈரலுக்குப் போகும் நாளக்கட்டை நசுக்காத கிளாம்பால் பிடிப்பது. அதற்குப் பிறகும் கரும் ரத்தம் பொங்கினால் அது ஈரலுக்குப் பின்னாலுள்ள நாளம். கிண்டவேண்டாம், பொதி வைத்து வெளியே வாருங்கள்.

இனி தியேட்டர் பக்கத்து வேலை: உள்ளே எத்தனை பொதி என்று குறிப்பில் இலக்கத்திலும் எழுத்திலும் இருக்கட்டும், ஐ.சி.யு.வுக்கு ஒப்படைக்கும்போது வாய்விட்டும் சொல்லுங்கள். எடுப்பது பெரும்பாலும் 48 மணித்தியாலத்தை ஒட்டி. இளஞ்சூட்டு சேலைனால் நன்றாக நனைத்த பிறகே கை வையுங்கள், காய்ந்த துணி ஈரலின் தோலையும் உரித்துக்கொண்டு வரும்.

உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் அசிட் 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணித்தியாலம் முழுக்க மெல்ல ஏற்றுங்கள். அடிபட்டு 3 மணித்தியாலம் தாண்டினால் தொடங்கக்கூடாது. ரத்தப் பையில் உறையாமலிருக்கச் சேர்த்த சிட்ரேட் உடம்பிலுள்ள கல்சியத்தை இழுத்துவிடும். கல்சியம் இறங்கினால் ரத்தம் உறையாது, இதயமும் தளரும். அளந்து கொடுத்துக்கொண்டே இருங்கள். உடம்பு குளிர விடாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போதும் ஒன்று. மட்டக்களப்புக்கோ ஹட்டனுக்கோ பஸ் ஏறுபவர் கையில் ஆங்கில அட்டை மட்டும் போதாது. மேல்வயிற்று வலி, கண் மஞ்சள், தார் போன்ற கறுப்பு மலம்: ஈரலுக்குள் ரத்த நாடி (தமனி) வீங்கிப் பித்தக் குழாய்க்குள் கசிந்தால் இவை வாரங்கள் கழித்தும் வரும். தமிழிலேயே சொல்லி, கூட வந்தவரைத் திருப்பிச் சொல்லவையுங்கள்.