புதுப்பிப்பு: அந்த ஏழு மணி ஆசை, இப்போது 47-ஆம் நாள்

குடியை விட்ட 12-ஆம் நாள் இங்கே புலம்பியிருந்தேன்: மாலை ஏழு மணியானால் கை தானாக அந்தக் கண்ணாடி டம்ளரைத் தேடுகிறது, என்ன செய்ய என்று. இன்று 47-ஆம் நாள். குடிக்கவில்லை.

நீங்கள் சொன்னதில் எனக்குக் கைகொடுத்தது, ஆசையோடு மல்லுக்கட்டாமல் அதை வேடிக்கை பார்ப்பது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை அலைமேல் சறுக்குவதற்கு ஒப்பிட்டார். அலை எழும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள். முதல்முறை கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். தொண்டை வறண்டது, தாடை இறுகியது, உள்ளங்கை வேர்த்தது. பதினெட்டாவது நிமிடம் வயிறு கூப்பிட்டது. அட, பாதி பசிதானா இது! அப்புறம்தான் கவனித்தேன், சாப்பிடாத நாளிலும் தூக்கம் கெட்ட நாளிலும்தான் அது மூர்க்கமாக வருகிறது. இப்போது ஆறரைக்கே சாப்பிட்டுவிடுகிறேன்.

33-ஆம் நாள், ஒரு சண்டைக்குப் பிறகு, கடை வாசல்வரை போய்விட்டேன். நண்பனுக்கு போன் போட்டேன். அவன் பேசப் பேச அப்படியே திரும்பி நடந்தேன்.

முன்பு எழுத மறந்தது: தினமும் நிறையக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். நான் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

டம்ளரை இன்னும் தூக்கிப் போடவில்லை. பேனா போட்டு வைத்திருக்கிறேன்.