வசாபி (2001): விமர்சகர் திட்டுறார், பார்த்தவர் சிரிக்கிறார். மண்டபத்தில் போடலாமா?

கல்லடிக்கரை:
மாதம் ஒருக்கா வெளிநாட்டுப் படம் ஒன்று போடுறோம், எண்பது கதிரை கொள்ளுற மண்டபம். வாறவங்களில் பாதிப்பேர் உயர்தரம் எழுதிட்டு நிற்கிற பிள்ளைகள், மிச்சம் ஆசிரியர்மாரும் வயதானவங்களும். இந்த முறை சண்டையும் சிரிப்பும் கலந்த பிரெஞ்சுப் படம் என்று முடிவாச்சு. ழான் ரெனோ நடித்த வசாபியைச் சிலர் சொன்னாங்க. இணையத்தில் தேடினால் விமர்சகர்கள் "கதையே இல்லை" என்று ஒதுக்கி வைத்திருக்கிறாங்க, ரசிகர்களோ "நேரம் போனதே தெரியல்ல" என்கிறாங்க. எதை நம்புறது? தமிழ் சப்டைட்டிலும் நாங்களே செய்து வைத்திருக்கிறோம். தொடக்கத்தில் சரியாக வருது, போகப் போகப் பிந்துது. கடைசிக் கட்டத்தில் ஆள் பேசி முடிந்து நிமிடக் கணக்கில் போன பிறகுதான் எழுத்து வருது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒந்தாச்சி:
முதலில் விமர்சனத் தளங்கள் போடுற எண்கள் எப்படி வருது என்று பாருங்க. ரொட்டன் டொமேட்டோஸ் சதவீதம் படத்துக்குப் போட்ட புள்ளி இல்லை. எத்தனை விமர்சகர் "பார்க்கலாம்" என்றார்கள் என்ற கணக்கு அது. நூறு பேரும் பத்துக்கு ஆறு கொடுத்தால் நூறு சதவீதம் வரும். எல்லாரும் ஐந்து கொடுத்தால் பூச்சியத்துக்கே இறங்கிவிடும். "பரவாயில்லை" ரகப் படங்கள் அதில்தான் அடிபடும், வசாபியும் அந்த ரகம். மெட்டாகிரிட்டிக் சராசரி எடுக்கும், அதனால் அங்கே நடுவில் நிற்கும். பிரான்சுக்காரரின் அலோசினே தளத்தில் பத்திரிகைக்குத் தனி நட்சத்திரம், பார்த்தவர்களுக்குத் தனி நட்சத்திரம், இரண்டும் ஐந்துக்கு. இந்த வகைப் படத்துக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேணும்.

விமர்சகர் கோபத்தில் பாதி இந்தப் படத்தின் மேலே இல்லை. கதை எழுதித் தயாரித்தவர் லூக் பெஸன், இயக்கம் ஜெரார் க்ராவ்சிக். இதே கூட்டு அதற்கு முந்திய வருசம், 2000 இல், டாக்ஸி 2 எடுத்தது. பிரான்சில் வசூலைப் பணத்தில் சொல்லமாட்டார்கள், விற்ற நுழைவுச்சீட்டில் சொல்லுவார்கள். அந்தப் படத்துக்கு ஒரு கோடிக்கு மேலே சீட்டுப் போனது. பத்திரிகைகள் "அச்சில் வார்த்த படம்" என்று எரிச்சலில் இருந்த நேரம், 2001 ஒக்டோபர் கடைசியில், வசாபி வந்தது. மார்க் குறைந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் நியாயமான குறையும் உண்டு. பழைய காதலி இறந்த செய்தி கேட்டு ஹூபேர் (ரெனோ செய்த பொலிஸ்காரர்) டோக்கியோ போகிறார், அவளுடைய உடலுக்குப் பக்கத்திலேயே துப்புத் தேடுகிறார். கொஞ்ச நேரத்தில் படம் கூத்தாகிவிடுது. அந்தத் திருப்பத்தில் பலர் கழன்று போனார்கள். வில்லன்களான யாகுசா (ஜப்பானியக் குற்றக் கும்பல்) ஆட்களும் கறுப்புக் கோட்டோடு வந்து அடி வாங்கிப் போவதற்கே இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு முகம்கூட மனதில் நிற்காது.

ரசிகருக்குப் பிடித்தது ரெனோவின் அசையாத முகம். மகள் யூமி கடையில் உடுப்புப் போட்டுப் பார்க்கிற நேரம், பின்னால் வந்த அடியாட்களை அவளுக்குத் தெரியாமல் இவர் வெளுக்கிறார், அவள் திரும்பும்போது ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறார். தான் தகப்பன் என்பதையும் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை, அடிதடியையும் மறைக்கிறார். சிரிப்பு வாறது அங்கேதான். ஓட்டம் 94 நிமிடம், இழுவை இல்லை. என் முடிவு: போடலாம். ஆனால் அறிவித்தலில் "அதிரடி" என்று பெரிதாகப் போடாதீங்க. சண்டைக்கென்று வாறவர் ஏமாறுவார், சண்டை எல்லாம் சின்னச் சின்னத் துண்டு.

சம்மாந்துறை நெல்லு:
ஒந்தாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜப்பானைக் காட்டுற விதத்தில்தான் பெரிய வாக்குவாதம். விளையாட்டு இயந்திரக் கூடம், சுஷி, யாகுசா, கலர் கலராக உடுத்திக் கத்துற பெட்டை; சுற்றுலாக்காரன் ஒரு கிழமையில் பார்க்கிற ஜப்பான் அவ்வளவுதான் என்று எழுதினார்கள். அது சரி. யூமியாக நடித்த ரியோகோ ஹிரோசுவே கெட்டித்தனமான நடிகை, 2009 இல் ஒஸ்கார் வென்ற ஜப்பானியப் படமான டிபார்ச்சர்ஸிலும் முக்கிய பாத்திரம் செய்தவர். இங்கே துள்ளவும் சத்தம் போடவும் மட்டும் விட்டிருக்கிறாங்க. படம் முடிந்து பேச்சு வைக்கிறதாக இருந்தால் இதைக் கேள்வியாகப் போடுங்க: வெளியாள் நம்ம ஊரைப் படம் எடுத்தால் அறுகம்பே அலையையும் மீன் வாடியையும் விட்டு வேற என்னத்தை எடுப்பான்? பிள்ளைகள் நல்லாப் பேசுவாங்க.

அடுத்தது அந்த வசாபிக் காட்சி. ஹூபேர் வசாபி என்ற காரமான பச்சைக் களியை அப்படியே வாயில் போட்டு முகம் சுளிக்காமல் இருக்கிறார், கூட்டாளி மோமோ அதைப் பார்த்துத் தானும் போட்டுத் துடிக்கிறான். வசாபி என்னென்று தெரியாத ஆளுக்கு அது புதினாச் சம்பல் மாதிரித்தான் தெரியும், சிரிப்பு வராது. படத்துக்கு முன்னால் அரை நிமிடம் விளக்குங்க: கொச்சிக்காய் உறைப்பு நாக்கில் பிடித்துக் கிடக்கும், அதில் உள்ள கப்சைசின் ஆவியாகாது. வசாபியில் உள்ள அல்லைல் ஐசோதயோசயனேட் உடனே ஆவியாகி மூக்கில் ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கும். அச்சாறுக்குக் கடுகு அரைக்கிற நேரம் உச்சிக்கு ஏறுதே, அதே சாமான்தான். இவ்வளவும் சொன்னால் போதும், பின் வரிசைக்கும் பிடிபடும்.

ஆங்கில டப் வேண்டாம். பிரெஞ்சும் ஜப்பானும் மாறி மாறி வாறதில்தான் யாருக்கு எது விளங்குது என்ற விளையாட்டே இருக்கு. எல்லாரும் ஒரே மொழி பேசினால் அது செத்துப் போகும். இன்னொன்று, தொடக்கத்தில் இரவு விடுதி, பிறகு துவக்குச் சூடு என்று போகும். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டி வரவேண்டாம் என்று அறிவித்தலிலேயே போடுங்க.

புரொஜெக்டர் மூலை:
சப்டைட்டில் பிரச்சினை வேகப் பிரச்சினை. புளூரே கோப்பு வினாடிக்கு 23.976 படச்சட்டத்தில் ஓடும், ஐரோப்பிய பால் (PAL) முறை டிவிடி 25 இல் ஓடும். 23.976 இல் 94 நிமிடம் ஓடுற படம் 25 இல் தொண்ணூறு நிமிடத்தில் முடிஞ்சிரும். உங்கட சப்டைட்டில் முதலாவதுக்குச் செய்தது, படம் இரண்டாவது. அதுதான் கடைசியில் நாலு நிமிடம் பிந்துது. முழுதையும் முன்னுக்குத் தள்ளினால் தொடக்கம் கெட்டுப் போகும்.

சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் படச்சட்ட வேகம் மாற்றுற இடத்தில் 23.976 இலிருந்து 25 க்கு மாற்றுங்க. பிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் பாருங்க. இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால் அந்த அளவு தள்ளினால் சரி. வித்தியாசம் இன்னும் கூடிக்கொண்டு போனால் வேகம் பிழை. இடையில் ஒரு இடத்தில் திடீரென்று தாண்டினால் உங்கட பிரதியில் ஒரு துண்டு வெட்டுப்பட்டிருக்கு, அந்த இடத்துக்குப் பின்னால் உள்ளதை மட்டும் தள்ளுங்க.

எழுத்து பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததா? அப்படியென்றால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், யூனிகோட்டுக்கு மாற்றி யூடிஎஃப்-8 இல் சேமியுங்க. யூஎஸ்பியை நேரே டிவியில் குத்த வேண்டாம். நிறைய டிவிகளுக்குத் தமிழ் சேர்க்கத் தெரியாது, "கொ" என்றதில் கொம்பு முன்னால் வராமல் இடம் மாறி நிற்கும். மடிகணினியில் விஎல்சி பிளேயர் போட்டு எழுத்துருவை நிர்மலா என்று மாற்றி, எச்டிஎம்ஐ வழியாகப் புரொஜெக்டருக்குக் கொடுங்க. மண்டபத்துக்குக் கணினி கொண்டுவர ஏலாதென்றால், முன்கூட்டியே வேறொரு கணினியில் ஹாண்ட்பிரேக் மென்பொருளால் எழுத்தைப் படத்திலேயே பதித்து விடுங்க.

வரி இரண்டுக்கு மேலே போகக் கூடாது, ஒரு துண்டு ஏழு வினாடிக்கு மேலே நிற்கவும் கூடாது. பகிடிக்கு ஒரு விதி: கேள்வியையும் பதிலையும் ஒரே துண்டில் போடாதீங்க. ஆள் வாய் திறக்க முதலே மண்டபம் சிரிச்சு முடிச்சிரும். ஜப்பானிய வசனத்துக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுத்தால் யார் எந்த மொழியில் பேசுறார் என்று பார்க்கிறவருக்கு உடனே தெரியும்.

கல்லடிக்கரை:
பாமினிதான்! இரண்டு பேர் அடித்ததால் பாதி பாமினி, பாதி யூனிகோட். சம்மாந்துறை நானா, கடுகு விளக்கம் அப்படியே எடுக்கிறேன். காட்டுறதுக்கு அனுமதி எங்கே கேட்கிறது?

ஒந்தாச்சி:
டிவிடி வாங்கினதால் மண்டபத்தில் போடுற உரிமை வராது, அது வீட்டுப் பாவனைக்கு மட்டும். பிரெஞ்சுப் படம் என்பதால் முதலில் கொழும்பில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு நிலையத்திடம் கேளுங்க, இலவசக் காட்சி என்றும் எத்தனை கதிரை என்றும் எழுதுங்க. அவர்களிடம் வசாபி இல்லையென்றாலும் உரிமையோடு காட்டக்கூடிய வேறு பிரெஞ்சுச் சிரிப்புப் படம் ஏதும் இருக்கா என்று அதே கடிதத்திலேயே கேட்டிருங்க. பதில் வரும் வரைக்கும் அறிவித்தலில் படத்தின் பெயரை அச்சடிக்க வேண்டாம்.